செஸ் ஆடும் அக்கா, சண்டை கேட்கும் தம்பி: ஒரே லேப்டாப்பில் எந்த ஆட்டத்தைப் போடலாம்?

சதுரங்கம் போல யோசித்துக் காய் நகர்த்தவும் வேண்டும், அந்தக் காய்கள் டிராகனும் பூதமுமாக இருந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டும் ஒரே ஆட்டத்தில் கிடைக்குமா என்றால் கிடைக்கும், நாற்பது வருஷமாகவே கிடைக்கிறது, ஒன்றுக்கு நாலாகக் கிடைக்கிறது. அதில் எது யாருக்குச் சரிப்படும் என்பதில்தான் வம்பே.

நான் இதைத் தேட வேண்டி வந்தது என் தங்கை வீட்டுக்காக. குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர் தோட்டம், மழை தொடங்கினால் கரண்டும் டவரும் சொல்லிவைத்த மாதிரி சேர்ந்து போகும். வீட்டில் பேட்டரி செத்த பழைய லேப்டாப் ஒன்று, பிளக்கில் இருந்தால் மட்டும் உயிர். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் எட்டாம் வகுப்பு, 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரைச் சின்னம் 'தம்பி'யைப் பார்த்து செஸ் பக்கம் வந்தவள், இப்போது பள்ளி டீமில் இருக்கிறாள், 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு வீட்டில் அவளைப் பிடிக்க முடியவில்லை. இளையவன் ஐந்தாம் வகுப்பு. எதாவது தீ கக்க வேண்டும், யாராவது யாரையாவது அடிக்க வேண்டும், இல்லையென்றால் அவனைப் பொறுத்தவரை அது ஆட்டமே இல்லை. தங்கை போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "ரெண்டும் சேர்ந்திருந்து களிக்கணும் அண்ணே, ஆளுக்கொரு போனை எடுத்துட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போகப்பிடாது."

ஆக என் அளவுகோல்கள் இவை: ஒரே திரையில் இரண்டு பேர், நெட் இல்லாமல் ஓட வேண்டும், கரண்ட் போனால் வீடு இரண்டுபடக் கூடாது, செலவு குறைவாக இருக்க வேண்டும், அப்புறம் முக்கியமாக, செஸ்ஸில் அக்கா ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறாள் என்பதால் தம்பிக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நிலைமை வேறாக இருந்தால் என் முடிவும் உங்களுக்கு வேறாகத்தான் வரும்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஒரு காய், எதிராளியின் காய் நிற்கும் கட்டத்துக்குள் போகிறது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? செஸ்ஸில் பதில் சுலபம், உள்ளே போனவன் ஜெயித்தான், சிப்பாய் ராணியை வெட்டினாலும் ராணிக்கு அப்பீல் கிடையாது. இந்தக் கலப்பு ஆட்டங்கள் எல்லாமே அந்த ஒரு நொடியை என்ன செய்கின்றன என்பதில்தான் பிரிந்து போகின்றன. சிலதில் காட்சி மட்டும் மாறும், முடிவு அதேதான். சிலதில் கைவேகம் தீர்மானிக்கும். சிலதில் பகடை. சிலதில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அட்டைப்படம், கிராபிக்ஸ், எத்தனை மிருகம் இருக்கிறது என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

காட்சி மட்டும் மாறுகிற வகைக்கு 1988இல் இன்டர்பிளே வெளியிட்ட பேட்டில் செஸ் நல்ல உதாரணம். அசல் செஸ் விதிகள், ஆனால் வெட்டும்போது காய்கள் உயிர்பெற்றுச் சண்டை போடும், யானை கல்பூதமாக எழுந்து நடக்கும். முதல் நாள் இருவருமே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு? சண்டையின் முடிவு முன்பே தெரியும், காட்சி ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும், அக்கா எரிச்சலாகி 2டி பலகைக்கு மாற்றிவிடுவாள், மாற்றியதும் அது வெறும் செஸ், தம்பி எழுந்து போய்விடுவான். செஸ் பக்கமே வராத குழந்தைக்குக் காய்கள் எப்படி நகரும் என்று ஆசைகாட்ட உதவும். எங்களுக்கு வேண்டாம்.

அடுத்து நான் மெனக்கெட்டுப் பேச விரும்புவது ஆர்க்கான். 1983இல் ஃப்ரீ ஃபால் அசோசியேட்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. ஜான் ஃப்ரீமன், ஆன் வெஸ்ட்ஃபால் என்ற கணவன் மனைவியும், பால் ரைக்கி என்பவரும் அந்தக் குழு, நிரல் எழுதியது வெஸ்ட்ஃபால். வெளியிட்டது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், இன்று கால்பந்து ஆட்டங்களால் எல்லோருக்கும் தெரிகிற அந்தக் கம்பெனியின் ஆரம்பகால வெளியீடுகளில் இதுவும் ஒன்று. முதலில் அடாரி கணினிக்கு வந்து, பிறகு காமடோர் 64, ஆப்பிள் 2, அமிகா, நின்டென்டோ என்று எல்லா இடத்துக்கும் போனது.

பலகை ஒன்பதுக்கு ஒன்பது, 81 கட்டம். ஒளி, இருள் என்று இரண்டு அணி, அணிக்கு 18 காய். ஒளி அணியில் மந்திரவாதி தலைவன், அவனோடு யூனிகார்ன், வில்லாளி, கல்பூதமான கோலெம், ஈட்டி எறியும் வால்கைரி ஆகியவை இரண்டிரண்டு, ஒரு ஜின், ஒரு ஃபீனிக்ஸ், முன்வரிசையில் ஏழு வாள்வீரர்கள். இருள் அணியில் சூனியக்காரி தலைவி, பசிலிஸ்க், மான்டிகோர், ட்ரோல், பான்ஷீ இரண்டிரண்டு, ஒரு டிராகன், எதிராளியின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும் உருமாறி ஒன்று, ஏழு கோப்ளின்கள். செஸ்ஸில் இரு பக்கமும் ஒரே படை. இங்கே இருவருக்கும் ஒரே காய்கள் இல்லை, நம் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் வேலை வேறு வேறாக இருந்தும் ஆட்டம் சமமாகப் போகிற மாதிரி. பான்ஷீ அலறினால் சுற்றிலும் இருப்பது அடிபடும், வால்கைரியின் ஈட்டி நேராகப் போகும், இரண்டையும் ஒரே மாதிரி ஆட முடியாது.

ஒரு காய் இன்னொன்றின் கட்டத்துக்குள் போனதும் பலகை மறைந்து அந்தக் கட்டமே ஒரு சண்டைக்களமாகத் திரை முழுக்க விரிகிறது. இரண்டு காய்கள், நடுவில் தோன்றித் தோன்றி மறையும் தடுப்புகள், இருவர் கையிலும் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். ஓடலாம், ஒளியலாம், சுடலாம். யார் பிழைக்கிறாரோ அவருக்குக் கட்டம். தாக்கப்போனவர் சாகலாம், இருவரும் ஒரே நேரத்தில் செத்துக் கட்டம் காலியாகவும் கிடக்கலாம். பிழைத்தவருக்கும் பட்ட காயம் அப்படியே இருக்கும், நாள் போகப்போக மெதுவாகத்தான் ஆறும்.

மூத்தவள் இதைப் புரிந்துகொண்ட தருணத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவளுடைய ஜின், ஏறக்குறைய அணியிலேயே பெரிய காய், சுழல்காற்றை வீசக்கூடியது. எதிரே தம்பியின் ஒரு கோப்ளின், கையில் உருட்டுக்கட்டை மட்டும். செஸ் மூளைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ராணியால் சிப்பாயை வெட்டுகிற வேலை. உள்ளே போனாள். கட்டம் கருப்பு, அதனால் கோப்ளினுக்கு உயிர் கூடுதல். அவள் சுழல்காற்றை விட்டாள், தடுப்பில் பட்டது. ஒருமுறை வீசினால் அடுத்த வீச்சுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் இவன் தடுப்பை ஒட்டியே ஓடிவந்து கட்டையால் போட்டான், அவள் விலகி மறுபடி வீசுவதற்குள் இன்னொன்று, மூலையில் மாட்டிக்கொண்டாள், முடிந்தது. "கள்ளக்களி! நான்தானே வெட்டப் போனேன், எனக்க காய் எப்பிடி சாவும்?" என்று என்னைப் பார்க்கிறாள். அவன் எதுவும் சொல்லவில்லை, சிரித்தபடி கோப்ளினைக் கட்டத்தில் நிறுத்திவிட்டு அடுத்த நகர்த்தலுக்காகக் காத்திருந்தான்.

இதோடு நின்றிருந்தால் கைவேகம் உள்ளவன் மட்டும் ஜெயிக்கிற சண்டை விளையாட்டாகப் போயிருக்கும். ஆர்க்கானின் கெட்டிக்காரத்தனம் பலகையில் இருக்கிறது. சில கட்டங்கள் எப்போதும் வெள்ளை, சில எப்போதும் கருப்பு, மிச்சம் உள்ளவை திருப்பங்கள் போகப்போக வெளுத்துக்கொண்டே வந்து, வெள்ளையின் உச்சம் தொட்டு, பிறகு கறுத்துக்கொண்டே போகும். வெள்ளைக் கட்டத்தில் ஒளி அணிக்கு உயிர் அதிகம், கருப்பில் இருளுக்கு. ஆக எந்தக் காயால் எந்தக் காயை அடிப்பது என்பதோடு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்றும் சேர்த்துக் கணக்குப்போட வேண்டும். இப்போது தாக்கலாமா, இன்னும் இரண்டு திருப்பம் பொறுத்தால் அந்தக் கட்டம் வெளுத்துவிடுமா என்ற கணக்கு செஸ் ஆடுகிறவர்களுக்கு நன்றாக வரும், சண்டைக்கு அலைகிற தம்பிகளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது.

பலகையில் ஐந்து சக்திப் புள்ளிகள் உண்டு. நான்கு பக்கத்திலும் நடுவில் ஒவ்வொன்று, பலகையின் மையத்தில் ஒன்று. ஐந்தையும் ஒருவர் பிடித்துவிட்டால் அந்த நொடியே வெற்றி. இரண்டில் இரு தலைவர்கள் தொடக்கத்திலேயே நிற்கிறார்கள், அதனால் சண்டை பெரும்பாலும் மற்ற மூன்றுக்கு. சக்திப் புள்ளியில் நிற்கிற காய்க்குக் காயம் சீக்கிரம் ஆறும், மந்திரமும் அங்கே செல்லாது. மந்திரம் என்றதும் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு தலைவருக்கும் ஏழு மந்திரம், ஒவ்வொன்றும் ஆட்டத்தில் ஒரேயொரு தடவை: ஒரு காயை வேறிடத்துக்கு அனுப்பலாம், காயம் ஆற்றலாம், கால ஓட்டத்தைத் திருப்பலாம், இரு காய்களை இடம் மாற்றலாம், ஒரேயொரு சண்டைக்கு மட்டும் ஒரு பஞ்சபூத உருவத்தை அழைக்கலாம், செத்த காயை எழுப்பலாம், எதிரியை நின்ற இடத்தில் சிறைவைக்கலாம். தலைவர் செத்தால் ஆட்டம் முடிவதில்லை, மந்திரங்கள்தான் போகும். செஸ்காரிகளுக்கு இது கொஞ்சம் உறுத்தும், ராஜா செத்தபின் ஆட்டம் எதற்கு என்று.

கட்டங்களை எண்ணி எண்ணி அவள் மூன்று புள்ளியைப் பிடித்த பிறகுதான் அவன் முகம் மாறியது. சண்டையில் ஜெயிக்கிறான், ஆனால் அவள் விரும்பிய கட்டத்தில், அவள் விரும்பிய நேரத்தில்தான் சண்டையே நடக்கிறது. ஒருவருக்குத் தலை, ஒருவருக்குக் கை, இரண்டுக்கும் விலை உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தம்பி என்று வயதில் இடைவெளி உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

குறைகளும் சொல்லியாக வேண்டும். படம் பழசு, கட்டம் கட்டமாக இருக்கும், ஃப்ரீ ஃபயர் பார்த்த கண்ணுக்கு முதலில் சிரிப்பு வரும். பழைய பதிப்பை எமுலேட்டர், அதாவது பழைய கணினி போல நடிக்கும் மென்பொருள், வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எமுலேட்டர் இலவசம், ஆட்டத்துக்குக் காப்புரிமை இன்னும் உண்டு, எனவே முதலில் 2010இல் வந்த ஆர்க்கான் கிளாசிக் என்ற விண்டோஸ் பதிப்பு விற்பனையில் கிடைக்கிறதா என்று தேடிப்பாருங்கள். கீபோர்டு ஒன்றை இருவர் பங்குபோட்டுக்கொள்ள நினைக்காதீர்கள்: சாதாரண கீபோர்டுகள் ஒரே நேரத்தில் சில விசைகளுக்கு மேல் அழுத்தினால் மிச்சத்தை வாங்காது, அவன் ஓடும் விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவள் சுடுவது பதிவாகாது, அங்கிருந்து உண்மையான சண்டை ஆரம்பிக்கும். நாகர்கோவிலில் யுஎஸ்பி கேம்பேட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், விலை மலிவானதே போதும், ஒரு திசை விசையும் ஒரு பட்டனும் வேலை செய்தால் சரி. மூலப் பதிப்பை உருவாக்கிய காலத்து ஜாய்ஸ்டிக்கில் இருந்ததும் அவ்வளவுதான்.

இதன் வாரிசுகளைப் பற்றி இரண்டு வரி. 1984இல் வந்த இரண்டாம் பாகம் அடெப்ட் வேறு பலகை, வேறு விதி, முதலாவதில் கைபழகிய பிறகு பாருங்கள். 1994இல் எஸ்எஸ்ஐ வெளியிட்ட ஆர்க்கான் அல்ட்ராவில் படம் நன்றாக இருக்கிறது, ஆட்டம் மூலத்தைவிட உயர்ந்ததாக எனக்குப் படவில்லை. 1998இல் பால் ரைக்கியின் குழு பிளேஸ்டேஷனுக்குச் செய்த தி அன்ஹோலி வார், 2004இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட ராத் அன்லீஷ்டு இரண்டும் இதே யோசனையைத் தொடர்ந்தவைதான், அந்தந்தப் பழைய கன்சோல் வீட்டில் இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் அதற்காக அலைய வேண்டாம்.

சரி, கைவேகமே வேண்டாம், தம்பியின் விரலுக்குப் பயந்து அக்கா அழ வேண்டாம் என்கிற வீட்டுக்கு வெஸ்நாத். முழுப்பெயர் பேட்டில் ஃபார் வெஸ்நாத், 2003இல் டேவிட் ஒயிட் தொடங்கியது, கட்டற்ற மென்பொருள், கணினிக்கு ஒரு பைசா செலவில்லை, தன்னார்வலர்கள் இத்தனை வருஷமாகப் பராமரித்து வருகிறார்கள். சில நூறு எம்பி இறக்க வேண்டும், குலசேகரத்து நெட்டில் ஒரு இரவு விட்டுவைத்தால் வந்துவிடும். பெரிய கிராபிக்ஸ் கார்டெல்லாம் கேட்காது. ஹாட்சீட் என்ற முறையில் ஒரே லேப்டாப்பில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உட்கார்ந்து ஆடலாம்.

இங்கே பலகை அறுகோணக் கட்டங்களால் ஆன ஒரு நிலப்படம்: காடு, மலை, ஆறு, கிராமம், கோட்டை. தலைவன் செத்தால் தோல்வி, அந்த விஷயத்தில் ஆர்க்கானைவிட இதுதான் செஸ்ஸுக்கு நெருக்கம். கிராமத்தைப் பிடித்தால் காசு வரும், காசில் படை எடுக்கலாம். முதல்நிலை வீரன் ஒருவன் நின்றாலே அவனைச் சுற்றிய ஆறு கட்டத்தில் எதில் நுழைந்தாலும் எதிரி அங்கேயே நின்றுவிட வேண்டும், தாண்டி ஓட முடியாது. இரண்டு வீரர்களைச் சரியான இடைவெளியில் நிறுத்தினால் ஒரு கணவாயையே அடைத்துவிடலாம், மூத்தவளுக்கு இது உடனே பிடிபட்டது.

பகல் இரவு இங்கேயும் உண்டு. ஆறு திருப்பம் ஒரு நாள். அறவழியில் நிற்கும் மனிதப் படைகளுக்குப் பகலில் அடி 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க் என்ற அரக்கர்களுக்கும் பிணப்படைக்கும் நேர் தலைகீழ். எல்ஃப் என்ற காட்டுவாசிகளுக்கு இரண்டும் ஒன்று. ஆர்க்கானில் கட்டத்தின் நிறம் செய்கிற வேலையை இங்கே சூரியன் செய்கிறது. இரவில் தற்காத்து, விடிந்ததும் அடிக்க வேண்டும்.

ஆனால் கட்டத்துக்குள் நடக்கும் அந்த நொடியைத் தீர்மானிப்பது பகடை. எல்ஃப் காட்டுக்குள் நிற்கிறது, நீங்கள் அடித்தால் படும் வாய்ப்பு 40 சதவீதம் என்று வையுங்கள், உங்களுக்கு மூன்று அடி. மூன்றுமே தவறிப்போகிற வாய்ப்பு ஏறக்குறைய 22 சதவீதம், அதாவது ஐந்துமுறை தாக்கினால் ஒருமுறை வெறுங்கையோடு திரும்புவீர்கள். முழு யோசனையும் போட்டு, சரியான இடத்தில் சரியான நேரத்தில் போய், ஒன்றும் படாமல் நிற்பதை செஸ் மூளை ஏற்றுக்கொள்ள நாளாகும். அக்கா இதை "லாட்டரி" என்று சொல்லிவிட்டாள். அது முழுக்க நியாயம் இல்லை. மந்திரவாதிகளின் அடி எந்த நிலத்தில் நின்றாலும் 70 சதவீதம் படும், ஆகவே காட்டு எல்ஃபுக்கு மந்திரவாதியைக் கூட்டிப்போக வேண்டும். எலும்புக்கூட்டை வாளால் வெட்டினால் அடி வெகுவாகக் குறைந்துவிடும், கதையால் நொறுக்க வேண்டும், தீ வைக்க வேண்டும். அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவாக விடுவதுதான் இங்கே திறமை. செஸ்ஸைவிட இது பிழைப்புக்கு நெருக்கமான திறமை என்று எனக்குத் தோன்றுவதுண்டு, ரப்பர் விலையை நம்பி வீடு கட்டுகிறவர்களைக் கேளுங்கள்.

தம்பிக்கு இதில் பிடித்தது ஒன்றே ஒன்று, காய்கள் அனுபவம் சேர்த்து அடுத்த நிலைக்கு ஏறுவது. டிராகன் இனமான தன் டிரேக் படையில் ஒன்று வளர்ந்து பெரிதானதும் அதைச் சாகவிடக்கூடாது என்று ஆட்டத்தையே அதைச் சுற்றி ஆடினான், அதனால் தோற்றான், தோற்றும் அவனுக்கு வருத்தமில்லை. பிடிக்காதது, காத்திருப்பு. அக்கா தன் திருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவன் போய் ஒரு மட்டிப்பழம் உரித்துத் தின்றுவிட்டு, முற்றத்தில் ஒரு சுற்றும் சுற்றிவிட்டு வரலாம். பத்து வயதுக்கு அது கஷ்டம்.

கரண்ட் விஷயத்தில் வெஸ்நாத் ஜெயிக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தானே சேமித்துக்கொள்ளும், விளக்கு வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். ஆர்க்கானில் எமுலேட்டரின் சேமிப்பை நீங்களே நினைவாக அழுத்த வேண்டும், மறந்தால் போச்சு. என்ன, ஆர்க்கான் பெரும்பாலும் அரைமணியில் முடிந்துவிடும், போனாலும் பெரிய நஷ்டமில்லை. வெஸ்நாத்தில் ஒரு பெரிய படம் மாலை முழுவதையும் தின்னும்.

மாலையைத் தின்பதில் இன்னொரு மன்னன் இருக்கிறான், 1999இல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் மூன்று. நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர் காலத்து ஆட்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எட்டு வகைக் கோட்டை, ஒவ்வொன்றிலும் ஏழு நிலை உயிரினங்கள், தேவதை, டிராகன், மினோட்டார், சாவாத எலும்புப்படை. சண்டை அறுகோணக் கட்டங்களில், திருப்பம் திருப்பமாக, கைவேகத்துக்கு வேலையில்லை. மிருகக் காட்சி என்ற கணக்கில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். ஹாட்சீட்டும் உண்டு, பழைய கணினியிலும் ஓடும், விண்டோஸ் பதிப்பு இன்றும் ஜிஓஜி தளத்தில் காசுக்குக் கிடைக்கிறது. என் தயக்கம் ஒன்றுதான்: இது செஸ்ஸைவிட விவசாயம். வாரத்துக்கு வாரம் படை விளையும், யார் சேர்த்து வைத்தாரோ அவர் சண்டைக்குப் போகும் முன்பே ஜெயித்திருப்பார். ஐம்பது கருப்பு டிராகனோடு வருகிறவனிடம் எந்தத் தந்திரமும் பலிக்காது. முதிர்ந்தவர்கள் இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓய்வு என்றால் தாராளமாகப் போடுங்கள். பத்து வயதுப் பையனும் தீர்க்கமான அக்காவும் என்றால் அவன் மூன்றாம் வாரத்திலேயே அழிந்து, மிச்சநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

ஆட்டோ செஸ் வகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், போனில் இலவசம் என்பதால். 2019 ஜனவரியில் ட்ரோடோ ஸ்டூடியோ என்ற சீனக் குழு டோட்டா 2 என்ற ஆன்லைன் ஆட்டத்துக்குள் ஒரு கூடுதல் ஆட்டமாகப் போட்டது, காட்டுத்தீயாகப் பரவியது, அதே வருஷம் ஜூனில் ரயட் கம்பெனி டீம்ஃபைட் டாக்டிக்ஸைக் கொண்டுவந்தது, 2020இல் போனுக்கும் வந்தது. எட்டு பேர் ஒரே மேட்சில். ஒவ்வொரு சுற்றிலும் கடையில் வரும் வீரர்களைக் காசு கொடுத்து வாங்கி, பலகையில் அடுக்கி வைக்கிறீர்கள். சண்டை தொடங்கியதும் உங்களுக்கு அங்கே வேலை இல்லை, அவர்களே அடித்துக்கொள்வார்கள். பெயரில் மட்டும்தான் செஸ், உள்ளே இருப்பது சீட்டாட்டத்தின் குணம்: எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது, எப்போது காசை மிச்சம் பிடிப்பது. மோசமான ஆட்டம் என்று சொல்லமாட்டேன், கல்லூரிப் பையன்கள் ஹாஸ்டலில் எட்டு பேர் சேர்ந்து ஆடினால் பிரமாதமாக இருக்கும். எங்களுக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. நெட் இல்லாமல் ஓடாது, மழையில் டவர் போனால் மற்ற ஏழு பேர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, ஆளுக்கொரு திரை வேண்டும், தங்கையின் நிபந்தனை அங்கேயே உடைந்தது. மூன்றாவது, அலங்காரத் தோற்றம், பொம்மை, சீசன் பாஸ் என்று காசு கேட்கும் பட்டன்கள் ஆட்டத்தைச் சுற்றி மினுங்கிக்கொண்டே இருக்கும். அப்பாவின் போனில் யுபிஐ இருக்கும் வீட்டில் இதைப் பத்து வயதுப் பையன் கையில் கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அக்கா மட்டும் தனியாக ஆடுவதானால் இன்டு தி பிரீச். 2018, சப்செட் கேம்ஸ். செஸ் பலகை போலவே எட்டுக்கு எட்டு, உங்களிடம் மூன்று இயந்திரங்கள், எதிரே ராட்சதப் பூச்சிகள், அடுத்த திருப்பத்தில் எந்தப் பூச்சி எங்கே அடிக்கப்போகிறது என்பது முன்கூட்டியே காட்டப்படும். பூச்சியைக் கொல்வதைவிட ஒரு கட்டம் தள்ளிவிடுவது பல நேரம் லாபம், அது தன் ஆளையே அடித்துக்கொள்ளும். செஸ் புதிர் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. ஆனால் இரண்டுபேர் ஆட முடியாது, டிராகனும் இல்லை, எனவே பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.

எதையும் போடாமல் மரப்பலகை செஸ்ஸே போதும் என்று சொல்லும் மாமாக்களும் நம் சொந்தத்தில் உண்டு, மைத்துனரும் அதைத்தான் சொன்னார். அவர் சொல்வதில் பாதி சரி. இந்த ஆட்டங்கள் எதுவும் மூத்தவளின் செஸ்ஸை முன்னேற்றாது, அதற்கு அவள் லிசெஸ் என்ற செஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் புதிர்களைப் போட வேண்டும், பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே கேள்வி அவளுடைய செஸ் அல்ல. பலகையைக் கண்டாலே "நீதான் ஜெயிப்ப, நான் வரல்ல" என்று ஓடுகிற பையனை அவளோடு ஒரு பாயில் உட்கார வைப்பது எப்படி என்பதுதான்.

நான் தங்கையிடம் சொன்னது இது. லேப்டாப்பில் ஆர்க்கானைப் போடு, கேம்பேட் இரண்டை நான் வரும்போது வாங்கி வருகிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அணியை மாற்றிக்கொள்ளச் சொல், இல்லாவிட்டால் அவன் டிராகனை விடவே மாட்டான். முதல் வாரம் மந்திரங்களைத் தொடவேண்டாம், சண்டையும் சக்திப் புள்ளியும் மட்டும் போதும், ஏழு மந்திரத்தையும் முதல் நாளே விளக்க உட்கார்ந்தால் இளையவன் எழுந்து போவான். சண்டையில் அவள் ரொம்ப அடிவாங்கினால் வில்லாளியையும் கோலெமையும் வைத்துப் பழகச் சொல், தூரத்தில் நின்று அடிப்பவை, நேராக எறிபவை, கை பழக நல்லவை. பசிலிஸ்க்கைத் தொடக்கத்தில் அவள் கையில் கொடுக்காதே, அடி பலம்தான், ஆனால் உயிர் கம்மி, ஒரு தவறில் போய்விடும். வெஸ்நாத்தையும் பக்கத்தில் போட்டுவை, அவனுக்கு ஒரு இரண்டு வருஷம் போனால் பொறுமை வரும், அதுவரை அவள் தனியாகக் கணினியோடு ஆடிக்கொள்ளட்டும். ஹீரோஸை எனக்கும் மைத்துனருக்கும் விட்டுவிடு.

லேப்டாப்பே இல்லை, வீட்டில் ஒரு போன்தான் என்கிறவர்களுக்கு என்னிடம் இதே அளவு உறுதியான பதில் இல்லை. சின்னத் திரையில் இருவர் விரலும் ஒரே நேரத்தில் ஓடுகிற சண்டை சரிவராது, அதனால் ஆர்க்கான் வகையை மறந்துவிடுங்கள். திருப்பம் திருப்பமாகப் போகிற, போனைக் கைமாற்றி ஆடுகிற எதையாவது பாருங்கள். ஐபோன் இருந்தால் வெஸ்நாத்தின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பு உண்டு. ஆண்ட்ராய்டு என்றால் ஆட்டோ செஸ்ஸுக்குப் போகும் முன், அந்தப் போனில் பணம் கட்டும் செயலிக்கு வேறு பூட்டு போட்டுவிட்டுப் போங்கள்.